பொம்மைக் கடையும் பாலன் குடிலும்

டிசம்பர் பிறந்துவிட்டால் புதுவை நேரு வீதிக்குத் தனிப்பொலிவு வந்துவிடும். கடைவாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். மழை விட்ட மாலைப் பொழுதுகளில் மக்கள் குடும்பம் குடும்பமாக நடப்பர். பெரியவர்கள் துணிக்கடையையும் நகைக்கடையையும் நோக்கி விரைய, சிறுமியரின் கால்கள் மட்டும் ஓரிடத்தில் தாமாகவே நின்றுவிடும். அதுதான் பொம்மைக் கடையின் கண்ணாடி!

பொம்மைக் கடையைப் பற்றி ஆண்டு மலரில் எழுத என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டா. அழகு, விலை, இருப்போர் இல்லாதோர் என்னும் வேற்றுமை ஆகிய மூன்றையும் ஒரு குழந்தை முதன்முதலாக ஒருங்கே காணும் இடம் அந்தக் கண்ணாடியின் முன்தான். அங்கே அது கற்றுக்கொள்வது வாழ்நாள் முழுவதும் உடன் வருகிறது. 1970-களில் இப்பள்ளியில் பயின்று, இன்று தாயாராகவும் பாட்டியாராகவும் இருக்கும் நாங்கள் சிலர் கூடிப் பேசியதன் பயனே இக்கட்டுரை. எங்கள் இளமை நினைவுகளோடு பொம்மைக் கடையின் வரலாற்றையும் சேர்த்து மாணவியர்க்குத் தர விரும்புகிறோம்.

பொம்மைக்கு ஒரு மாளிகை

பொம்மை மிகப் பழையது. பொம்மைக் கடை மிகப் புதியது. சிந்துவெளி நகரங்களாகிய மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் சுட்ட மண்ணால் ஆன சிறுவண்டிகள் கிடைத்துள்ளன. நம் பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் உலர்த்திய தானியத்தைத் தின்ன வரும் கோழியின்மீது காதணியை வீசியெறிய, அது சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேருக்குத் தடையாகக் கிடந்தது என்று உருத்திரங்கண்ணனார் பாடுகிறார். பிள்ளைத்தமிழ் நூல்களோ ஆண்பாற் குழந்தைக்குச் சிறுதேரையும் பெண்பாற் குழந்தைக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் ஆகியவற்றையும் விளையாட்டாக வகுத்துள்ளன. இவற்றையெல்லாம் வீட்டாரே செய்தனர். அல்லது ஊர்த் தச்சரும் குயவரும் செய்து கொடுத்தனர்.

பொம்மைகளுக்கென்று கடையில் தனிப்பகுதி ஒதுக்கி, விழாக் காலத்தில் அதனை அலங்கரித்து, குழந்தைகளை வரவேற்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் தோன்றிய பல்பொருள் அங்காடிகளால் பரவியது. பாரிஸ் நகரத்து 'போன் மார்ஷே' என்னும் கடையில் 1852-ஆம் ஆண்டு அரிஸ்தீது பூசிகோ என்பவர் பங்காளியாகச் சேர்ந்தார். அக்காலத்தில் கடைக்குள் நுழைந்தால் ஏதேனும் வாங்கியே தீரவேண்டும் என்பது வழக்கம். விலையும் ஆளுக்கு ஆள் மாறும். பூசிகோ இவ்விரண்டையும் மாற்றினார். ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டு இருக்கும். யாரும் வரலாம், வெறுமனே பார்த்துவிட்டுப் போகலாம், வாங்கவேண்டும் என்னும் கட்டாயமில்லை. உடன் வரும் குழந்தைகளுக்குப் பலூனும் வண்ணப்பட அட்டைகளும் இலவசமாகக் கொடுத்தார்கள். குழந்தை மறுபடியும் வரவேண்டும் என்று கேட்கும். குழந்தை வந்தால் தாயும் வருவாள் அன்றோ?

அவருடைய துணைவியார் மார்கரீத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, உழைத்துப் பிழைத்தவர். கணவருக்குப் பின் அங்காடியின் உரிமையாளராக விளங்கி, 1887-இல் இறக்கும்போது பெருஞ்செல்வத்தைப் பாரிஸ் நகரத்து ஏழை நோயாளருக்கான மருத்துவமனை கட்டுவதற்கென எழுதிவைத்தார். பெண்பிள்ளைகள் நினைவிற்கொள்ள வேண்டிய பெயர் இது.

ஏனைய நாடுகளிலும் இவ்வழக்கம் விரைவில் பரவியது. நியூயார்க் நகரத்து மேசி அங்காடி 1874-இல் கிறிஸ்துமசுக்காகத் தன் கண்ணாடிச் சாளரங்களில் பொம்மைகளைக் காட்சிக்கு வைத்தது. அமெரிக்காவின் பிராக்டன் என்னும் ஊரில் கடை நடத்திய ஜேம்ஸ் எட்கர் என்பவர் 1890-இல் தாமே கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் பூண்டு குழந்தைகளிடையே உலாவினார். 1914-இல் முதல் உலகப்போர் மூளும்வரை இக்கடைகளை நிரப்பிய பொம்மைகளில் பெரும்பகுதி ஜெர்மனியில் செய்யப்பட்டவை. தகரத்தில் இரயில்வண்டி, பீங்கான் முகம் கொண்ட பாவை, சாவி கொடுத்தால் நடக்கும் கரடி என எத்தனையோ வகைகள்!

ஆக, இக்கடைகள் குழந்தைகளுக்கு இரண்டைச் செய்தன. ஏழைப் பிள்ளையும் உள்ளே நுழைந்து கண்ணாரக் காணலாம் என்று கதவைத் திறந்துவிட்டன. அதே வேளையில், கண்டது அனைத்தையும் வேண்டும் என்று கேட்கவும் பழக்கின. முதலாவது நன்மை; இரண்டாவது நாம் விழிப்போடு இருக்கவேண்டிய இடம்.

சைகோன் வீடுகள்

பாரிசில் தோன்றிய இவ்வழக்கம் புதுவை மக்களுக்கு எட்டிய வழி பலருக்கு வியப்பாக இருக்கும். புதுவையிலும் காரைக்காலிலும் இருந்து பல குடும்பங்கள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவுக்குச் சென்று, சைகோன் நகரில் அலுவலர்களாகவும் வணிகர்களாகவும் வாழ்ந்தன. அந்நகரில் 1924-ஆம் ஆண்டு 'கிரான் மகசான் ஷார்னேர்' என்னும் பேரங்காடி திறக்கப்பட்டது. வண்ணக் கற்கள் பதித்த தரையும், கைப்பிடியின் அடியில் வெண்கலச் சேவல் நிற்கும் மாடிப்படியும் அதன் சிறப்புகள்.

சைகோனில் பிறந்த பாட்டிமார் எங்களுள் சிலருக்கு உண்டு. அவர்கள் அந்த அங்காடியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நாங்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்போம். டிசம்பரில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியதையும், சேவலைத் தொட்டுப் பார்த்ததையும், கண்களை மூடித் திறக்கும் பாவையை முதன்முதலாகக் கண்டதையும் சொல்வார்கள். "வாங்கிக் கொடுத்தார்களா, ஆயா?" என்று நாங்கள் கேட்போம். "அதெல்லாம் இல்லை. பார்த்துவிட்டு வந்தோம். அதுவே ஒரு வருஷத்துக்குப் பேசப் போதும்" என்பது அவர்கள் விடை.

1954-இல் பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவைவிட்டு நீங்கத் தொடங்கியபோதும், 1975-இல் சைகோன் ஆட்சி மாறியபோதும் அக்குடும்பங்களுட் பல பிரான்சுக்குச் சென்றன. சில புதுவைக்குத் திரும்பின. அவர்களுடைய பெட்டிகளில் பட்டுத்துணிகளுக்கிடையே ஒன்றிரண்டு பாவைகளும் வந்தன. அப்பாவைகள் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டப்பட்டன. நாங்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. சைகோன் கடை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது போன்ற நிலைதான்! அந்த அங்காடிக் கட்டடம் 2016-இல் இடிக்கப்பட்டுவிட்டது. பாட்டிமார் சொன்ன கதைகள் மட்டும் எங்களிடம் எஞ்சியுள்ளன.

நாங்கள் கண்ட கடைகள்

எங்கள் இளமையில் புதுவையில் அத்தகைய மாடிக் கடை இல்லை. சென்னைக்குச் செல்லும் பேறு பெற்ற தோழியர் ஒரு சிலர் மவுண்ட் ரோட்டிலிருந்த ஸ்பென்சர் கடையைக் கண்டு வந்து வகுப்பில் வருணிப்பர். 1895-இல் கட்டப்பட்ட அந்தச் செந்நிற மாளிகையும் 1980-களின் தொடக்கத்தில் தீக்கிரையாகிவிட்டது. அவ்விடத்தில் இன்று நிற்பது பின்னாளில் எழுந்த வணிக வளாகம்.

எங்களுக்கு வாய்த்தவை வேறு. பிரெஞ்சுக் காலத்தில் துய்ப்ளேக்ஸ் வீதி என வழங்கிய நேரு வீதியின் கடைகள் ஒன்று; அங்கே விலையுயர்ந்த பொம்மைகள் கண்ணாடிக்குப் பின்னே இருந்தன. இரண்டாவது, ஞாயிறுதோறும் காந்தி வீதியில் நடைபாதையிலேயே விரிக்கப்படும் சந்தை. அங்கே கண்ணாடியே கிடையாது. கோணிமேல் குவித்த பொம்மைகளைக் கையால் எடுத்துப் பார்க்கலாம், பேரமும் பேசலாம். மூன்றாவது, திருவிழாக் கடைகள். வில்லியனூர் லூர்து மாதா திருவிழாவிலும், ஆடி மாதத்து வீராம்பட்டினம் தேரிலும் ஊதல், கிலுகிலுப்பை, காகிதக் காற்றாடி, மரச் சொப்பு ஆகியவை மலைபோல் குவிந்திருக்கும். வழிபாடு எந்தச் சமயத்ததாயினும் கிலுகிலுப்பை எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான்.

இம்மூன்றையும் இன்று எண்ணிப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகின்றது. வாங்கிய பொம்மைகளில் எங்கள் நினைவில் நிற்பவை மிகச் சில. அவை உடைந்தன, தொலைந்தன, தம்பி தங்கையர்க்குப் போய்ச் சேர்ந்தன. பார்த்தவையோ இன்றும் அப்படியே கண்முன் நிற்கின்றன. தந்தையின் மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்ந்து, விளக்கு வரிசையைப் பார்த்தபடி, "அந்தக் குதிரை எதற்குத் தலையை ஆட்டுகிறது?" என்று கேட்டுக்கொண்டே வந்த அந்த மாலை நேரம் எங்களுக்குக் கிடைத்த பரிசு. அதற்கு விலைச்சீட்டு இல்லை.

மண்ணும் காகிதமும்

கண்ணாடிக்குப் பின்னே இருந்தவை பெரும்பாலும் கடல் கடந்து வந்தவை. ஆனால் பொம்மை செய்யும் கைகள் நம் புதுவையிலேயே உண்டு என்பதை அன்று எங்களுக்கு யாரும் பாடமாகச் சொல்லவில்லை. இன்றைய மாணவியராவது அறிந்துகொள்ள வேண்டும்.

நகரிலுள்ள கோசப்பாளையமும், மேற்கேயுள்ள வில்லியனூரும் சுடுமண் பொம்மைகளுக்குப் பெயர்பெற்றவை. களிமண்ணைக் கல் நீக்கி, நீரில் ஊறவைத்து, அளவாக மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்துவர். பின்பு கையாலோ சக்கரத்தாலோ அச்சாலோ உருவம் அமைப்பர். பெரிய உருவங்களின் உட்புறம் கூடாக இருக்கவேண்டும். கனமான மண்ணுக்குள் ஈரம் தங்கிவிட்டால், சூளையின் வெப்பத்தில் அது நீராவியாகிப் பொம்மையை வெடிக்கச் செய்யும். ஆகவே நிழலில் பல நாள் உலர்த்திய பிறகே சூளையில் அடுக்குவர்.

இங்கேதான் ஒரு சங்கடம். நம் பகுதியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். கிறிஸ்துமசுக்குப் பொம்மை கேட்டு மக்கள் வரும் அதே நாட்களில்தான் மண் உலராது, சூளையும் எரியாது. வெயில் காலத்திலேயே செய்து வைத்துக்கொள்ளவேண்டும். அதற்கு முதலும் வேண்டும், இடமும் வேண்டும். கடையில் ஒரு மண் பொம்மைக்குப் பேரம் பேசும்போது இதனை நாம் நினைத்துப் பார்க்கிறோமா?

திருக்கனூர் வட்டாரத்தில் காகிதக்கூழ் பொம்மைகள் செய்யப்படுகின்றன. 'பப்பியே மாஷே' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு 'மென்ற காகிதம்' என்பது பொருள். பழைய காகிதத்தை ஊறவைத்து இடித்து, பசையும் சுண்ணப்பொடியும் கலந்து, அச்சில் இரு பாதியாக அழுத்தி எடுத்து, உலர்ந்தபின் ஒட்டி, தேய்த்து, வெள்ளை பூசி, வண்ணம் தீட்டுகின்றனர். கனமில்லாதது, கீழே விழுந்தாலும் எளிதில் உடையாதது. வில்லியனூர்ச் சுடுமண் கலைக்கும் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. புதுவையின் சுடுமண் கலைஞர் வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020-ஆம் ஆண்டு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. நம் ஊர்ப் பொம்மைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

கிரேச்சோ முதல் மார்சேய் வரை

இனி, பொம்மைக் கடைக்கும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கும் என்ன தொடர்பு என்பதைக் காண்போம். விழாவின் நடுவே உள்ள பொம்மை கிறிஸ்துமஸ் தாத்தா அல்ல; வைக்கோலின்மேல் கிடக்கும் பாலன்.

1223-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டின் கிரேச்சோ என்னும் சிற்றூரில், புனித பிரான்சிஸ் அசிசியார் முதன்முதலாகத் தீவனத்தொட்டிக் காட்சியை அமைத்தார். அவ்வூர்ப் பெருமகனாகிய யோவான் என்பவரிடம் சொல்லி, தீவனத்தொட்டியும் வைக்கோலும் எருதும் கழுதையும் கொண்டுவரச் செய்தார். அங்கே சிலைகள் வைக்கப்படவில்லை. மக்கள் விளக்கேந்தி வந்து சூழ்ந்து நிற்க, அத்தொட்டியின்மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. பாலன் எத்தகைய வறுமையில் பிறந்தார் என்பதைக் கண்ணால் காணவேண்டும் என்பதே அசிசியாரின் விருப்பம். இந்நிகழ்ச்சியின் 800-ஆம் ஆண்டு நிறைவைத் திருச்சபை 2023-இல் கொண்டாடியது.

பின்னர்க் கோவில்களில் குடில்கள் பெருகின. ஆயினும் அவற்றின் சிலைகள் விலை மிகுந்தவை. பிரெஞ்சுப் புரட்சியின்போது கோவில்கள் அடைபட்டன. கோவிற்குடிலைக் காண இயலாத மக்கள் வீட்டிலேயே குடில் வைக்க விரும்பினர். மார்சேய் நகரத்து ழான் லூயி லஞேல் என்னும் சிற்பி சிறு அச்சுகள் செய்து, களிமண்ணில் சிற்றுருவங்களை வார்த்தெடுத்து எளிய விலைக்குத் தந்தார். அவற்றுக்குச் 'சான்தோன்', அதாவது 'சிறு புனிதர்' என்று பெயர். 1803 முதல் மார்சேய் நகரில் அவற்றுக்கெனச் சந்தை கூடத் தொடங்கியது. அந்த உருவங்களில் சூசையப்பரும் தேவமாதாவும் மட்டுமல்லர். ரொட்டி சுடுபவர், துணி வெளுப்பவள், மீன்காரி, சாணை பிடிப்பவர் என அவ்வூர் மக்கள் அனைவரும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் தொழிலின் பொருளைக் கையிலேந்திப் பாலனை நோக்கி நடக்கின்றனர்.

அந்தப் பகுதி மக்கள் டிசம்பர் 4-ஆம் நாள், புனித பார்பரம்மாள் திருநாளில், சிறு தட்டுகளில் கோதுமையை முளைக்கவிட்டுக் குடிலில் வைப்பர். நம் வீடுகளிலும் கேழ்வரகையோ நெல்லையோ முளைக்கவைத்துக் குடிலின்முன் பசும்புல்வெளியாக அமைக்கிறோம் அல்லவா? கடல் பல கடந்தும் வழக்கம் ஒன்றுபோலவே இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைகள் செய்யும் கைவினைஞர்கள், அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் உருவங்களைச் செய்யத் தொடங்குகின்றனர். அம்மன் உருவைச் செய்த அதே விரல்கள் தேவமாதாவின் உருவையும் செய்கின்றன.

பாரிசின் பேரங்காடியும் மார்சேயின் மண் பொம்மையும் ஒரே நாட்டில் ஒரே நூற்றாண்டில் வளர்ந்தவை. ஒன்று குழந்தையைக் கண்ணாடியின்முன் நிறுத்தி, "நீ எதை எடுத்துச் செல்வாய்?" என்று கேட்கிறது. மற்றொன்று குழந்தையைக் குடிலின்முன் நிறுத்தி, "நீ எதைக் கொண்டுவந்தாய்?" என்று கேட்கிறது. இவ்விரு கேள்விகளையும் வேறுபடுத்தி அறிவதே இப்பாடத்தின் சாரம்.

மண்தேரும் பொன்தேரும்

சூத்ரகர் வடமொழியில் இயற்றிய நாடகம் ஒன்றுண்டு. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியல் சிறுதேர்' எனத் தமிழாக்கினார். வறுமையுற்ற சாருதத்தனின் சிறுமகன், அண்டை வீட்டுப் பிள்ளையின் பொன்தேரோடு ஒருநாள் விளையாடுகிறான். பின்பு தனக்குத் தரப்பட்ட மண்தேரை வேண்டாமென்று அழுகிறான். வசந்தசேனை என்னும் பெண் மனமிரங்கிக் கண்ணீர் சிந்த, "அழுகிறவர் தருவது எனக்கு வேண்டா" என்ற பொருள்படச் சிறுவன் மறுக்கிறான். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, தன் நகைகளைக் கழற்றி மண்தேரை நிரப்பி, பொன்தேர் வாங்கிக்கொள்ளச் சொல்கிறாள். அந்த நகைகளே பின்னர் நீதிமன்றத்தில் சாருதத்தனுக்கு எதிரான சான்றாகிப் பெருந்துன்பம் விளைக்கின்றன.

இக்கதையில் பெற்றோர்க்கு இரு பாடங்கள் உண்டு. குழந்தையின் அழுகையைப் பொன்னால் அடக்கினால் அழுகை நிற்கும், தொல்லை தொடங்கும். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பர் பெரியோர். கடன் வாங்கி வாங்கிய பொம்மை ஜனவரியில் உடைந்துவிடும். கடன் ஆடி வரையிலும் நிற்கும். இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. கொடுப்பவர் கண்ணில் நீர் இருந்தால் குழந்தை அதனைக் கண்டுகொள்கிறது. பெற்றோரின் கவலை தனக்குத் தெரியாதது போல் நடிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர்! "எனக்கு அந்தப் பொம்மை பிடிக்கவில்லை" என்று சொல்லிக் கண்ணாடியைவிட்டு நகரும் சிறுமிக்கு அது பிடிக்காமலில்லை. தந்தையின் சட்டைப்பையின் நிலை அவளுக்குத் தெரியும்.

மாணவியர்க்கும் ஒரு சொல். விடுமுறை முடிந்து வகுப்புக்கு வந்ததும், "உனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்பது எங்கள் காலத்திலும் வழக்கம். அக்கேள்வி எழும்போது ஒருத்தி காலணியின் வாரைச் சரிசெய்யக் குனிந்துகொள்வாள். மற்றொருத்தி இல்லாத பொம்மையை இருப்பதாகச் சொல்வாள். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது வளர்ந்த பிறகே எங்களுக்கு விளங்கிற்று. கேட்பவள் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனாலும் அக்கேள்வி வகுப்பை இரு பிரிவாக்கிவிடுகிறது. "உங்கள் வீட்டுக் குடிலில் என்ன வைத்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல இயலாதவர் எவரும் இரார். கிறிஸ்தவரல்லாத தோழியிடம் அவள் வீட்டுக் கொலுவைப் பற்றியோ, அவள் பார்த்த குடிலைப் பற்றியோ கேட்கலாம்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும்

பொம்மை வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. விளையாட்டு குழந்தையின் உரிமை. ஆனால் வாங்கும்போது சிலவற்றை நினைவிற்கொள்வது நலம்.

முதலாவதாக, பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இன்று கைப்பேசியில் பதிவு செய்தால் மறுநாளே அட்டைப்பெட்டி வாசலில் வந்து விழுகிறது. அதில் காத்திருப்பும் இல்லை, நடையும் இல்லை, பெற்றோரோடு பேசும் பேச்சும் இல்லை. "இன்று பார்க்க மட்டுமே போகிறோம்" என்று புறப்படும்போதே சொல்லிவிட்டால் பிள்ளைகள் ஏற்றுக்கொள்வர்.

இரண்டாவதாக, 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கவேண்டும் என்னும் விதி 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வண்ணங்களில் ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் இராமலும், சிறு உறுப்புகள் கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்காமலும் காப்பதே அதன் நோக்கம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு. எனவே கைவினைப் பொம்மை வாங்கும்போது எந்த வண்ணம் பூசப்பட்டது என்று செய்தவரிடமே கேளுங்கள். முருங்கப்பாக்கத்துக் கைவினைக் கிராமத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், பொம்மையோடு அதைச் செய்யும் கையையும் அவர்கள் காண்பர்.

மூன்றாவதாக, பிறர்க்குக் கொடுக்கும் பொம்மை உடைந்ததாக இருக்கவேண்டா. நமக்கு வேண்டாததைக் கொடுப்பது அலமாரியைத் தூய்மை செய்வதாகும். நமக்குப் பிடித்ததைக் கொடுப்பதே ஈகை.

செய்து பாருங்கள்

குடிலுக்கு ஓர் ஆட்டுக்குட்டியைக் காகிதக்கூழில் நாமே செய்யலாம். மழைக்காலத்தில் உலர நாளாகும் என்பதால் நவம்பர் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள்.

பழைய செய்தித்தாள் நான்கைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, ஓர் இரவும் பகலும் நீரில் ஊறவையுங்கள். பெரியவர் துணையோடு அதனைக் கொதிக்கவைத்து, ஆறியபின் கல்லில் இடித்துக் கூழாக்கி, நீரைப் பிழிந்துவிடுங்கள். ஒரு கை மைதாமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அதனுடன் சேர்த்து, சுண்ணக்கட்டித் தூள் இரண்டு கரண்டி கலந்து, சப்பாத்தி மாவின் பதத்தில் பிசையுங்கள். நான்கு ஈர்க்குச்சிகளைக் கால்களாக நட்டு, உடலையும் தலையையும் கூழால் அமையுங்கள். காற்றோட்டமான நிழலில், அவ்வப்போது திருப்பிவைத்து, ஈரம் முழுதும் நீங்கும்வரை உலர்த்துங்கள். கையில் எடுத்தால் இலேசாகவும், தட்டினால் மரம்போன்ற ஒலியோடும் இருக்கவேண்டும். அதன்பின் வெள்ளை பூசி, கண்ணும் காதும் தீட்டுங்கள்.

முதல் ஆடு கழுதைபோலத் தோன்றலாம். கவலை வேண்டா, குடிலில் கழுதைக்கும் இடமுண்டு. இரண்டு செய்தால், ஒன்றை உங்கள் வீட்டுக் குடிலில் வைத்து, மற்றொன்றைத் தோழிக்குக் கொடுங்கள். நள்ளிரவுப் பூசை முடிந்து மக்கள் குடிலைச் சூழும்போது, அங்கே நிற்கும் எந்தக் குழந்தையிடமும் யாரும் விலை கேட்பதில்லை. அந்தக் குடிலை நோக்கி நம் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்பாதிருப்போம்.